காலையில் சென்று இரவில் திரும்புபவருக்கு ஏற்ற நாய்

முழுநேர வேலையில் இருப்பவர் நாய் வளர்க்க நினைத்தால், எந்த இனம் நல்லது என்ற கேள்வியோடு தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் பகல் முழுவதும் பூட்டியிருக்கும் வீட்டில் ஒரு நாய் நிம்மதியாக இருக்குமா என்பதை இனத்தைவிட அதன் வயதும், அந்தத் தனி நாயின் குணமுமே அதிகம் தீர்மானிக்கின்றன. ஆகவே வயதை முதலிலும் குணத்தை அடுத்தும் இனத்தைக் கடைசியிலும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் சென்னையைச் சேர்ந்தவை என்றாலும், வெயிலும் அடுக்குமாடி வாழ்க்கையும் உள்ள பிற ஊர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மணிக்கணக்கு

தாம்பரத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஒன்பது மணி நேர வேலை என்று நியமன ஆணையில் இருந்தாலும், போக்குவரத்தையும் சேர்த்தால் அவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவார். மழைக்காலத்தில் அதுவும் உறுதியில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி இருந்தாலும் அந்த நாள்களை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அலுவலகத்துக்குப் போயே தீர வேண்டிய நாளில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும் என்பதே நாய்க்குப் பொருட்டான எண். மேற்சொன்னவருக்கு அது பதினொரு மணி நேரம்.

வளர்ந்த, உடல்நலமுள்ள நாய் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும். அதற்கு மேல் அடக்க வைப்பது நாள்பட்ட துன்பம். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கும் அது வழிவகுக்கும். எனவே பதினொரு மணி நேரம் வெளியே இருப்பவருக்கு நடுப்பகலில் ஒருமுறையாவது நாயைக் கீழே அழைத்துச் செல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். உடன் வாழும் பெற்றோராகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ, மாதச் சம்பளத்துக்கு நாயை நடத்திச் செல்ல வருபவராகவோ அவர் இருக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பதாக இருந்தால், அவருக்கு நாய் என்றால் பயமா என்று முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். இதற்கென்று தனியாகப் பணம் கொடுப்பதும் முறை. பாத்திரம் துலக்க வருபவர் கூடவே நாயையும் பார்த்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துகொள்வது நியாயமும் இல்லை, நீடிக்கவும் செய்யாது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாய்கள் இயல்பாகவே விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாக இருப்பவை. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி நேரத்தைத் தூக்கத்திலேயே கழிக்கும். அலுவலகம் செல்பவரின் காலையும் மாலையும் இந்த இயல்போடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆகவே வேலைக்குப் போகிறவர் நாய் வளர்ப்பதே கொடுமை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. காலையில் முக்கால் மணி நேரமும் மாலையில் முக்கால் மணி நேரமும் நாய்க்கென்றே ஒதுக்கி, நண்பகலில் ஓர் ஆளையும் ஏற்பாடு செய்ய முடிந்தவர், பகல் முழுவதும் வீட்டிலிருந்தும் நாயைத் திரும்பிப் பார்க்காதவரைவிட நல்ல வளர்ப்பாளராக இருப்பார். இவை முடியாதவர் இப்போதைக்கு நாயை வாங்காமல் இருப்பதே சரி. அவர் தம் தெருவிலுள்ள நாய்களின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உதவலாம், வார இறுதிகளில் காப்பகங்களில் நாய்களை நடத்திச் செல்லலாம்.

குட்டியா, வளர்ந்த நாயா

தனியாக வாழ்ந்து முழுநேர வேலைக்குச் செல்பவர் இரண்டு மாதக் குட்டியை வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. குட்டி ஒவ்வொரு மாத வயதுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அடக்கிக்கொள்ளும். அதாவது இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கொண்டு போக வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை உணவு கொடுக்க வேண்டும். முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். அந்தத் தொடர் முடியும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கு அஞ்சித் தெருவில் இறக்கி நடத்தவும் முடியாது. அதே வேளையில், மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி மனிதர்களையும் ஓசைகளையும் புதிய இடங்களையும் அஞ்சாமல் ஏற்கப் பழகுகிறது. அந்த வாரங்களை ஒரு பூட்டிய அறையில் கழித்த குட்டி, பிற்காலத்தில் மின்தூக்கியைக் கண்டாலும் தலைக்கவசம் அணிந்தவரைக் கண்டாலும் நடுங்கும் நாயாக வளர வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்பது இதற்குத் தீர்வாகாது. குறைந்தது நான்கைந்து மாதங்களுக்குப் பகலிலும் ஆள் தேவைப்படும். வீட்டில் பெற்றோரோ வேறு நேரத்தில் வேலைக்குப் போகும் துணையோ இருந்தால் மட்டுமே குட்டியைப் பற்றி நினைக்கலாம்.

இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்கினால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்ற யோசனையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று மட்டுமே சார்ந்து வளர்ந்து, பிரித்தால் பதறவும், பருவம் வந்தபின் தம்முள் சண்டையிடவும் கூடும். ஒரு நாய்க்கே நேரமில்லாதவருக்கு அது இரட்டை வேலை.

வேலைக்குச் செல்பவருக்கு ஏற்றது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள நாய். அதற்குள் பல்லுக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கும் பருவம் முடிந்திருக்கும். உடலின் அளவும் சுபாவமும் தெரிந்துவிட்டிருக்கும். குட்டியின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய எதையும் வளர்ந்த நாயிடம் நேரிலேயே பார்த்துவிடலாம். வளர்ந்த நாய் புதிய மனிதரோடு ஒட்டாது என்பது பலரும் நம்பும் தவறான செய்தி. சில வாரங்களில் பெரும்பாலான நாய்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஏழெட்டு வயதைக் கடந்த நாய்களும் பகலில் அமைதியாகத் தூங்குவதால் இத்தகைய வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். மருத்துவச் செலவும், சில ஆண்டுகளிலேயே வரும் பிரிவும் தாங்கிக்கொள்ள வேண்டியவை.

ஆணா பெண்ணா என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கருத்தடை செய்யப்பட்ட நாயாக இருந்தால் போதும்.

குணத்தை எப்படிப் பார்ப்பது

தேட வேண்டிய முக்கியமான குணம் ஒன்றே: தனியாக இருக்கத் தெரிந்திருத்தல். மிகவும் பாசமான நாய், கழிவறை வரை பின்தொடர்ந்து வரும் நாய், மடியை விட்டு இறங்காத நாய் ஆகியவையே முதல் சந்திப்பில் நம் மனத்தைக் கவரும். பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டில் அதிகமாகத் துன்பப்படக்கூடியவையும் அவையே. பிரிவுத் துயரால் வாடும் நாய் குறும்புக்காகச் செருப்பைக் கடிப்பதில்லை. கதவின் விளிம்பையும் சன்னல் கம்பியையும் பிறாண்டும், ஓயாமல் ஊளையிடும், எச்சில் வடிக்கும், பழகிய நாயாக இருந்தும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். இவை பெரும்பாலும் நாம் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும்.

காப்பகத்துக் கூண்டில் இருக்கும் நாயின் உண்மையான சுபாவத்தை ஒரே பார்வையில் அறிய முடியாது. அங்கே ஒடுங்கிக் கிடக்கும் நாய் வீட்டில் கலகலப்பாக இருக்கலாம். குதித்துக் கூத்தாடும் நாய் வெளியே வந்தபின் அடங்கிவிடலாம். எனவே தற்காலிகமாக யாராவது ஒருவர் தம் வீட்டில் வைத்து வளர்த்துவரும் நாயைத் தேர்ந்தெடுப்பது மிகவும் நல்லது. அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. இதுவரை எவ்வளவு நேரம் தனியாக விட்டிருக்கிறார், அப்போது அது என்ன செய்தது, அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதுண்டா, அவர் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் அது படுத்துக்கொள்கிறதா அல்லது கதவைச் சுரண்டுகிறதா, அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரம் குரைக்கிறது, உணவு கொண்டுவருபவரையும் குழந்தைகளையும் எப்படி எதிர்கொள்கிறது என்பவையே அவை. "ரொம்ப நல்ல நாய்ங்க" என்ற பொதுவான பதிலோடு திருப்தியடைந்து திரும்பக் கூடாது.

பிறகு நீங்களே பார்க்கலாம். வெவ்வேறு நேரங்களில் இருமுறையாவது சென்று, ஒருமுறை நாயோடு தெருவில் நடந்து பாருங்கள். பேருந்து ஒலியெழுப்பும்போது திடுக்கிட்டாலும் அரை நிமிடத்தில் தேறி மோப்பம் பிடிக்கத் தொடங்கும் நாய் நல்ல அறிகுறி காட்டுகிறது. உட்கார்ந்து கொஞ்சிவிட்டு, கொஞ்சுவதை நிறுத்திப் பேசாமல் இருங்கள். சிறிது நேரம் கையை முட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போய்ப் படுக்கும் நாயே உங்களுக்குரியது. வளர்ப்பவரின் அனுமதியோடு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் மாடிப்படியில் நின்று கேளுங்கள். ஒரு நிமிடம் முனகி அடங்கினால் கவலையில்லை. பத்து நிமிடமும் ஓலமிட்டால், அதன் அழகைப் பார்த்து மனம் இளகாமல், அது பகலில் ஆளிருக்கும் வேறு வீட்டுக்குப் போக வேண்டிய நாய் என்று விட்டுவிடுவதே அதற்கும் நன்மை.

இனங்களைப் பற்றி

மேற்சொன்ன இரண்டையும் பார்த்தபின் இனத்துக்கு வரலாம். சென்னை வெயிலில் இனத்தேர்வின் முதல் அளவுகோல் நாயின் மூக்கும் ரோமமும்தான். நாய் வியர்த்து உடலைக் குளிர்விப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியே குறுகலாக இருக்கிறது. மே மாத நண்பகலில் மின்சாரம் தடைபட்டு, மேல்தளத்து வீட்டில் மின்விசிறியும் நின்று, நீங்கள் இருபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு கூட்டத்தில் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கும் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். பகலில் ஆளில்லாத வீட்டுக்குப் பக் வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். சைபீரியன் ஹஸ்கியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பனியில் வண்டி இழுப்பதற்காக உருவான நாயைக் குளிர்சாதன அறையில் அடைத்து வைக்கும் மோகம் எப்படியோ இங்கு பரவிவிட்டது. அதன் ஓட்டத் தேவையையும் ஊளையையும் ஓர் அடுக்குமாடி வீடு தாங்காது.

லாப்ரடார் நல்ல நாய்தான், ஆனால் இரண்டு மூன்று வயது வரை அதன் ஆற்றல் அடங்காது. தனியாக விட்டால் மெத்தையும் சோபாவும் மிஞ்சுவது கடினம். 2016-இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்குவதோடு தொடர்புடைய மரபணுவில் குறை இருப்பதைக் கண்டறிந்தது. நடையும் குறைந்து தீனியும் கூடினால் அது விரைவில் பருத்து இடுப்பு மூட்டுத் தொல்லைக்கு ஆளாகும். ஆனால் நான்கைந்து வயதில், யாரோ வளர்க்க முடியாமல் விட்டுவிட்ட லாப்ரடார் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம். காப்பகங்களில் அத்தகைய நாய்கள் வருத்தம் தரும் அளவுக்கு இருக்கின்றன. பீகிள் கூட்டமாக முயல் வேட்டைக்குப் போன நாய் என்பதால் தனிமையை வெறுக்கும், அதை உரத்த குரலில் தெரிவிக்கவும் செய்யும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நாள்தோறும் மூளைக்கு வேலை வேண்டும். பொமரேனியன் என்று இங்கே பரவலாக அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் பல பத்தாண்டுகளாக நம் வெயிலுக்குப் பழகியது, சிறியது, நீண்ட நாள் வாழ்வது. வாசலில் நிழலாடினாலும் குரைக்கும் அதன் பழக்கத்தை அக்கம்பக்கத்தார் பொறுப்பார்களா என்பதுதான் கேள்வி.

நம் மண்ணின் இனங்களை வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் அண்மைக்காலத்தில் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது; ஆயினும் இங்குதான் கவனம் கூடுதலாக வேண்டும். இராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட பெரிய நாய். தன் எல்லையைக் காப்பதில் உறுதியானது, அன்னியரை எளிதில் ஏற்காது. நண்பகலில் புதிதாக ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து அதை அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டுக்கு இந்தக் குணம் பொருந்துவதில்லை. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதால், வாங்குபவர் குட்டி பார்க்காத திசையிலிருந்து கைதட்டிச் சோதிப்பதும் அவசியம். தேனி மாவட்டத்துக் கோம்பையும் காவல் இயல்பில் இதற்குக் குறைந்ததன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் சற்று வேறு. முயலைத் துரத்தி ஓடுவதற்கென உருவான ஒல்லியான இந்த நாய்கள் வேகமாக ஓடி முடித்தபின் நெடுநேரம் அசையாமல் படுத்துக் கிடக்கும். குரைப்பது குறைவு, ரோமம் குட்டை, வெயில் பழகியது. நாள்தோறும் விடியற்காலையில் வேலியிட்ட திடலில் அவிழ்த்துவிட்டு ஓடவிட முடிந்தவருக்கு இவை உண்மையிலேயே பொருத்தமானவை. அத்தகைய திடல் இல்லாத மேற்கு மாம்பலத்துச் சந்துக்குள் இவற்றைக் கொண்டுவருவது தவறு. கயிறு நழுவினால் பூனையைத் துரத்திக்கொண்டு போகும் நாயை நம் காலால் பிடிக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட, முழுநேர வேலையில் இருக்கும் நகரவாசிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வளர்ந்த நாட்டு நாயைத்தான். நடுத்தர உடல், குட்டை ரோமம், நீண்ட மூக்கு, நம் வெப்பத்துக்கு ஏற்ற உடலமைப்பு, இனத்தூய்மைக்காக நெருங்கிய உறவில் சேர்த்து வளர்க்கப்பட்ட நாய்களுக்கு வரும் பரம்பரை நோய்கள் குறைவு ஆகிய அனைத்தும் இதில் சேர்ந்திருக்கின்றன. தானே முடிவெடுத்து வாழ்ந்து பழகிய மரபு என்பதால் பல நாட்டு நாய்களுக்குத் தனிமையும் அவ்வளவாக உறுத்துவதில்லை. பிடிவாதமும், புதியவரைச் சந்தேகிக்கும் இயல்பும் சிலவற்றுக்கு உண்டு. அதோடு, பல ஆண்டுகள் தெருவில் சுதந்திரமாக வாழ்ந்து, அந்தத் தெருவே வீடென்று நினைக்கும் நாயைப் பிடித்துவந்து மூன்றாவது மாடியில் பூட்டுவது அதற்கு உதவியாகாது. காயத்தால் மீட்கப்பட்டோ, குட்டியிலிருந்தே ஒரு வீட்டில் வளர்ந்தோ, வீட்டு வாழ்க்கைக்குப் பழகிவிட்ட நாட்டு நாயைத் தேடுங்கள்.

எங்கே பெறுவது, எதைச் சரிபார்ப்பது

சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடமும், தனியாக மீட்புப்பணி செய்வோரிடமும் தத்தெடுக்கலாம். விலைக்கு வாங்குவதாக முடிவு செய்தால், 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கவும் கூடாது. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடமும், குட்டியைச் சாலையோரத்தில் காருக்கே கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றபின்னரே நாயைக் கொண்டுவர வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதை முற்றிலும் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. ஆனால் பகலெல்லாம் குரைக்கும் நாயோடு சட்டத்தைக் காட்டி வாழ்வதைவிட, பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லி, நான் இல்லாதபோது சத்தம் கேட்டால் தெரிவியுங்கள் என்று எண்ணைக் கொடுத்து வைப்பது பயன் தரும். மாநகராட்சி உரிமமும், அதற்குத் தேவையான வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் புதிய நாயைக் கொண்டுவர வேண்டாம்; அறிமுகமில்லாத வீட்டில் வெடிச்சத்தத்தையும் எதிர்கொள்வது அதற்குப் பெரும் அதிர்ச்சி. பொங்கல் விடுமுறை நல்ல தருணம். விடுமுறையோடு ஒரு வாரம் விடுப்பும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாள்கள் முழுவதும் நாயை விட்டு நகராமல் இருந்துவிட்டு, பின்பு ஒரு திங்கட்கிழமை திடீரென்று பதினொரு மணி நேரம் மறைந்துபோவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குத் தொடக்கம். முதல் நாளிலிருந்தே சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, இரண்டு நிமிடம் வெளியே நின்று திரும்புங்கள். நாய் தலையைத் தூக்காமல் படுத்திருக்கப் பழகியபின் அதைப் பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று கூட்டுங்கள். கிளம்பும்போது நீண்ட கொஞ்சல் வேண்டாம். நண்பகலில் வரவிருப்பவரும் அந்த வாரத்திலேயே உங்களோடு சேர்ந்து நடைக்கு வந்து, பின்னர் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தனியாக அழைத்துச் சென்று பழக வேண்டும்.

நாயைப் பால்கனியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். காற்றோட்டமுள்ள அறை, இரண்டு இடங்களில் தண்ணீர், இன்வெர்ட்டரில் இணைந்த மின்விசிறி ஆகியவை இருக்க வேண்டும். மலிவான கேமரா ஒன்றைப் பொருத்தினால் முதல் அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அலுவலகப் பேருந்திலிருந்தே பார்க்க முடியும். கோடையில் காலை நடையை ஆறு மணிக்குள் தொடங்கிவிடுவது நல்லது. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. நடை முடிந்து வந்ததும் காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாய்களைத் தாக்கும் உண்ணிக்காய்ச்சல் நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பழக்கியும் நாய் தனிமையில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலை நீடித்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்து பயன் தருவதுண்டு. அதுவும் பலிக்காவிட்டால் தத்துக் கொடுத்தவரிடமே முதலில் பேச வேண்டும். நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர் சம்மதிக்கிறாரா என்பதைத் தத்தெடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.